பென்சில்வேனியாவிலிருந்து வர வேண்டிய கப்பல்

முத்தையா அண்ணன் மழையோடு உள்ளே வந்தார். குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு, கையிலிருந்த அட்டைப் பெட்டியை என் கட்டிங் மேசைமேல் வைத்துத் திறந்தார். ஜிலேபி. இன்னும் சூடு ஆறவில்லை. புதுத் துணியின் கஞ்சி வாசனையையும் மீறிக்கொண்டு பாகு வாசனை வந்தது.

“எடு டெய்லரு. நம்ம ஆளு ஜெயிச்சாச்சு.”

நம்ம ஆளு என்று அவர் சொன்னது, அமெரிக்காவில் அப்போது ஜனாதிபதியாக இருந்தவரை. அங்கே ஓட்டுப்பதிவு முடிந்து நடு இரவு. இங்கே போர்ட் பிளேரில், டெய்ரி ஃபார்ம் என்கிற எங்கள் பகுதியில் பகல் வேளை. எதிர்க்கடையில் மொபைல் ரீசார்ஜ் செய்யும் பிஸ்வாஸ்தா டிவியைச் சத்தமாக வைத்திருந்தார். நாங்கள்தான் ஜெயித்தோம், இத்தோடு நிறுத்துங்கள் என்கிற மாதிரி அந்த மனிதர் அதில் பேசிக்கொண்டிருந்தார்.

“யாருண்ணே சொன்னா ஜெயிச்சாச்சுன்னு?”

“யாரு சொல்லணும்? அவரே டிவில சொல்றாருல்ல. காது கேக்கலையா?”

நான் ஜிலேபியைப் பார்த்தேன். எனக்கு ஜிலேபி பிடிக்கும் என்பது தெருவுக்கே தெரியும். ஆனாலும் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

“வேண்டாண்ணே. இன்னும் கப்பல் வரலை.”

முத்தையா அண்ணன் வாசல் பக்கம் திரும்பினார். பிறகு தெருவைப் பார்த்துக் கத்தினார்.

“ஏ பிஸ்வாஸ்தா! இங்க வந்து கேளு. அமெரிக்கால எலெக்சன் நடக்குது, இவன் ஹாடோ ஜெட்டில கப்பலப் பாத்துக்கிட்டு நிக்கிறான்!”

வாய்க்குப் பட்டன்

இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும், நான் பேசுகிற ஆள் இல்லை. பத்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிறகு தையல் மெஷின்தான். கடையில் நாலு பேர் கூடி வாதம் செய்யும்போது நான் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பேன். என் மனைவி மல்லிகா கேட்பாள், “ஊருக்கெல்லாம் பட்டன் வச்சுக் குடுக்கறீங்க. உங்க வாய்க்கு யாரு வச்சது?”

அளவெடுக்கும்போதுகூட எண்களை முணுமுணுப்பேன். எழுதிக்கொள்கிற ஆள் பக்கத்தில் வந்து குனிந்தால்தான் கேட்கும். கல்யாண வீட்டில் சாம்பார் வேண்டுமென்றால் கேட்க மாட்டேன். பரிமாறுகிறவர் திரும்பி வருகிறவரைக்கும் காத்திருப்பேன்.

அப்படிப்பட்டவன் முத்தையா அண்ணனின் கையிலிருந்து ஒரு இனிப்பை வேண்டாம் என்று சொன்னது பெரிய விஷயம். அவர் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து, சின்னச் சின்னக் கட்டட வேலைகளை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர். வீடு இதே ஊரில், பத்துபஸ்தி பகுதியில். சாயங்காலம் ஆனால் என் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் பேசுவார், நான் தைப்பேன். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போயிற்று.

அவருக்கு அந்த ஜனாதிபதியைப் பிடிக்கும். காரணமும் வைத்திருந்தார். “வியாபாரிடா அவன். வளவளன்னு பேச மாட்டான். மனசுல உள்ளதை மூஞ்சிக்கு நேரா சொல்லுவான். அடுத்த நாட்டுல போய்ச் சண்டை போட மாட்டான். நம்மாளுக மாதிரி ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலைய விட மாட்டான்.” இதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஒரு கையெழுத்துக்காக எந்தெந்த ஆபீஸ் வாசலில் எத்தனை நாள் நின்றிருக்கிறார் என்பதை நான் பார்த்திருக்கிறேன். யாராவது ஒருவன் மேசையைத் தட்டிக் காரியத்தை முடித்தால் அவருக்கு நிம்மதி.

எனக்கு அப்படி மேசையைத் தட்டுகிறவர்களைக் கண்டால் பயம். தட்டுகிற கை ஒருநாள் நம் பக்கமும் திரும்பும்.

அந்த எண்ணாத ஓட்டில் ஒன்று

எனக்கு அந்தத் தேர்தலில் என்ன அக்கறை? என் தங்கை வசந்தா.

நர்சிங் படித்து, வளைகுடாவில் சில வருடம் வேலை பார்த்து, பிறகு அமெரிக்கா போனாள். பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. அந்த வருடத் தொடக்கத்தில்தான் அவளுக்குக் குடியுரிமை கிடைத்தது. கையை உயர்த்திச் சத்தியம் செய்த படத்தை அனுப்பியிருந்தாள். புடவை கட்டியிருந்தாள். அந்தப் புடவைக்கான ரவிக்கை நான் தைத்து அனுப்பியது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

உடனே கொரோனா வந்தது. வாரக்கணக்கில் அந்த வார்டிலேயே கிடந்தாள். அதனால் ஓட்டுச்சாவடிக்குப் போகாமல், சீட்டை வீட்டுக்கு வரவழைத்து, குறித்து, உறையில் போட்டு ஒட்டி, அதற்கென வைத்திருந்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அவள் வாழ்க்கையின் முதல் அமெரிக்க ஓட்டு.

அந்த மாநிலத்தில் அப்படி வந்த உறைகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன்னால் பிரிக்கவே கூடாதாம். லட்சக்கணக்கான உறைகள். ஒவ்வொன்றாகப் பிரித்து, சரிபார்த்து, எண்ண வேண்டும். அதற்கு நாள் ஆகும். நேரில் போய்ப் போட்ட ஓட்டுகளை முதலில் எண்ணியதில் ஜனாதிபதி முன்னால் இருந்தார். உறைகள் எண்ணாமல் கிடந்தன. அந்த நேரத்தில்தான் நிறுத்து என்கிறார்கள். நிறுத்தினால் வசந்தாவின் ஓட்டு குப்பை.

அவள் யாருக்குப் போட்டாள் என்பதில் ரகசியம் இல்லை. எதிர்த்து நின்றவருக்கு. அவளும் காரணம் வைத்திருந்தாள், ஆனால் அது ஆளைப் பற்றியது இல்லை.

“அண்ணே, இங்க நெஞ்சு வலியோட வர்றவங்க முதல்ல டாக்டரைக் கேக்கிறதில்ல. இன்சூரன்ஸ்ல இது வருமான்னு கேக்கறாங்க. அதுக்குப் பயந்துகிட்டே லேட்டா வர்றாங்க. லேட்டா வந்து செத்துப் போறாங்க. அதை மாத்தறேன்னு யாரு சொல்றாங்களோ அவங்களுக்குத்தான் என் ஓட்டு.”

நம் அரசு ஆஸ்பத்திரியில் ஆயிரம் குறை இருக்கிறது. வரிசை, வெயில், கடல் தாண்டி மெயின்லேண்டு ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் வாங்க அலைச்சல். ஆனால் வலி வந்தால் வாசலில் நின்று கணக்குப் போட மாட்டோம். அவ்வளவு பெரிய நாட்டுக்கு இது வரவில்லையே என்று எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான்.

பெட்டியை வழியனுப்புதல்

‘கப்பல் வரலை’ என்று நான் ஏன் சொன்னேன் என்பதைச் சொல்ல, கச்சல் தீவுக்குப் போக வேண்டும்.

கச்சல் நிக்கோபார் பக்கம் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் ஒரு ராத்திரிக்கு மேல் ஆகும். அங்கே ரப்பர் தோட்டம் போட்டு, இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. நானும் வசந்தாவும் பிறந்தது அந்தத் தோட்டத்துக் குடியிருப்பில்தான்.

அப்பா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டில். அவருடைய அப்பாவும் அங்கேதான் பிறந்தார். ஆனாலும் ஒருநாள், நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இந்தியாவும் உடனே வா என்று சொல்லிவிடவில்லை. இடையில் பல வருடம் அப்பா எந்த நாட்டுக்காரரும் இல்லை. கொழுந்துக் கூடைக்குக் கணக்கு இருந்தது, ஆளுக்குக் கணக்கு இல்லை.

கச்சலுக்கு வந்த பிறகுதான் அவருக்கு ஓட்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. அன்றைக்கு மட்டும் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போக மாட்டார். துவைத்த சட்டை, வாரிய தலை. விரலில் மை வைத்துக்கொண்டு வந்து எங்களிடம் காட்டுவார். ரப்பர் பால் காய்ந்து தடித்த விரலில் அந்த மை கோணல்மாணலாகத்தான் ஒட்டும்.

சாயங்காலம் இன்னொரு வழக்கம் இருந்தது. வேறு எந்த ஊரிலும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஓட்டுப்பெட்டிகள் கப்பலில் போர்ட் பிளேருக்குப் போக வேண்டும். அவற்றைப் போலீஸ்காரர்கள் ஜெட்டிக்குக் கொண்டுபோவார்கள். ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் பின்னாலேயே நடந்து போவோம். கல்யாணம் ஆன பெண்ணை வழியனுப்பப் போவதுபோல. கப்பல் கண்ணிலிருந்து மறைகிறவரைக்கும் அப்பா ஜெட்டியில் நிற்பார். பெண்கள் சிலர் கை காட்டுவார்கள். கப்பலிலிருந்து யாராவது பதிலுக்குக் காட்டினால் ஒரே சிரிப்பு.

பிறகு ரேடியோ. போர்ட் பிளேர் பெட்டிகளை எண்ணத் தொடங்கிவிடுவார்கள். இன்னார் முன்னால் என்று செய்தி வரும். தோட்டத்தில் யாராவது துள்ளினால் அப்பா சொல்வார், “பொறுடா. நம்ம கப்பல் இன்னும் வரலை.” கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதமாகும். பின்னால் இருந்தவர் முன்னால் வருவார், முன்னால் இருந்தவர் பின்னால் போவார். யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. தூரத்துப் பெட்டி தாமதமாகத்தான் வரும். தாமதமாக வந்தால் அது ஓட்டு இல்லை என்று ஆகிவிடுமா?

எங்கள் வீட்டில் அது பேச்சுவழக்காகவே ஆகிவிட்டது. பரீட்சை முடிவு வரவில்லையா, கப்பல் வரவில்லை. உலை கொதிக்கவில்லையா, கப்பல் வரவில்லை. வசந்தாவுக்கு மாப்பிள்ளை அமையத் தாமதமானபோது அம்மா அதையே சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஒருமுறை அப்பா ஓட்டுப் போட்டவர் தோற்றுவிட்டார். தோட்டத்தில் ஒரு மேஸ்திரி கிண்டல் செய்தார். “என்னாய்யா, ஒன் ஓட்டு வீணாப் போயிருச்சே.”

அப்பா பால்வெட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார். “வீணாப் போகல மேஸ்திரி. எண்ணிப் பாத்துத்தானே தோத்தாருன்னு சொல்றாங்க.”

மேஸ்திரிக்கு இது புரியவில்லை. எனக்கும் அப்போது புரியவில்லை. ஓட்டே இல்லாமல் பாதி ஆயுளைக் கழித்தவருக்கு மட்டும் புரிகிற விஷயம் அது.

எறும்பு மொய்த்த நாட்கள்

ஜிலேபிப் பெட்டி மேசை ஓரத்தில் அப்படியே இருந்தது. முத்தையா அண்ணன் எடுத்துக்கொண்டு போகவில்லை. “இங்கயே இருக்கட்டும். உன் கப்பல் வந்ததும் சாப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருடம்தான் கடலுக்கடியில் கேபிள் வந்து எங்களுக்கு நெட் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. அதற்கு முன்னால் வசந்தாவின் முகம் கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும். இப்போது அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம்கூடத் தெரிந்தது. மாஸ்க் அழுத்திய தடம் மூக்கில் சிவந்து கிடந்தது.

“என் உறை வந்து சேந்துருச்சுன்னு காட்டுதுண்ணே. எண்ணிட்டாங்களான்னு காட்டல” என்றாள். “வெளியில ஆளுக நின்னு எண்ணாதேன்னு கத்துறாங்க. ஆஸ்பத்திரில என்கூட வேலை பாக்கறவளே சொல்றா, தபால் ஓட்டெல்லாம் பித்தலாட்டம்னு. நான் பக்கத்துலதான் நிக்கிறேன். நான் போட்டதுதாண்டி அதுன்னு சொல்லத் தோணுச்சு.”

“சொன்னியா?”

“இல்ல. உன் தங்கச்சிதானே.”

இரண்டு பேரும் சிரித்தோம்.

மறுநாள் முத்தையா அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார். “நேத்து முன்னாடி இருந்தான். இன்னைக்கு இடைவெளி குறையுதாம். எப்படிக் குறையும்? ராத்திரியோட ராத்திரியா உள்ள தள்ளியிருக்கானுங்க.”

பிஸ்வாஸ்தாவும் ரோட்டைத் தாண்டி வந்து நின்றார். அவர் வங்காளத்துக் குடும்பம். எங்களோடு பேசுவது இந்தியும் தமிழும் கலந்த ஒரு பாஷையில். “டெய்லர் பாய், கின்தி இன்னும் பாக்கி ஹை க்யா? எண்ணிக்கை முடியலையா?”

மெஷினை நிறுத்தினேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“அண்ணே, கச்சல்ல எங்கப்பா ஓட்டுப் போட்டா, பெட்டி கப்பல்ல வரும். இங்க போர்ட் பிளேர்ல பாதி எண்ணி முடிச்சிருப்பாங்க. அதுக்காக எங்கப்பா ஓட்டைக் கடல்ல கொட்டிட்டா நீங்க சரின்னு சொல்வீங்களா?”

“அது வேற, இது வேற.”

“எப்படிண்ணே வேற? பெட்டி முன்னாடியே மூடியாச்சு. உள்ள இருக்கறது மாறாது. எண்ணுறதுக்குத்தான் நேரம் ஆகுது. அந்தப் பெட்டில என் தங்கச்சி ஓட்டு இருக்கு. அவ திருடியா?”

கடைசி வார்த்தை கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. பிஸ்வாஸ்தா “அரே” என்றார்.

“வசந்தாவை யாருடா சொன்னா?” என்றார் முத்தையா அண்ணன் மெதுவாக. “அது நம்ம புள்ள.”

“எண்ணாம விடுற ஒவ்வொரு ஓட்டும் யாரோ ஒருத்தரோட புள்ளதாண்ணே.”

மறுபடி மெஷினை மிதித்தேன். கொரோனாவுக்காகத் தைத்துக்கொண்டிருந்த மாஸ்க்கில் தையல் வளைந்து போயிற்று. பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

வார இறுதிக்குள் எண்ணிக்கை திரும்பியது. பென்சில்வேனியா எதிர்த்து நின்றவர் பக்கம் போனது. அதோடு தேர்தலும் போனது. எங்கள் வீட்டில் விடிந்துகொண்டிருந்த நேரத்தில் வசந்தாவின் செய்தி வந்தது. ஒரே வரி: ‘கப்பல் வந்துருச்சுண்ணே.’

கடையைத் திறந்து பெட்டியைப் பார்த்தேன். ஜிலேபியை எறும்பு முழுசாக எடுத்துக்கொண்டிருந்தது. முத்தையா அண்ணன் எட்டிப் பார்த்து, “எறும்புக்குத்தான்டா அமெரிக்காவுல மெஜாரிட்டி” என்றார். அவர் தோல்வியை ஒப்புக்கொண்டது அவ்வளவுதான். அந்த நாட்டில் சிலருக்கு அந்த அளவுகூட வரவில்லை என்பதையும், அதன் பிறகு அவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்ததையும் எல்லோரும் டிவியில் பார்த்தோம்.

ஓட்டு இல்லாத தீவுகள்

கதையை விட்டு ஒரு நிமிடம் வெளியே போகிறேன்.

அந்தத் தேர்தலின்போதுதான் வசந்தா எனக்கு ஒன்று சொன்னாள். அமெரிக்காவுக்கும் தூரத்துத் தீவுகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் பிறந்தவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்தான். ராணுவத்துக்குப் போகிறார்கள், போரில் சாகிறார்கள். ஆனால் தீவில் இருக்கும்வரை ஜனாதிபதி தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை.

அன்று முழுக்க எனக்கு அதே யோசனை. நமக்கும் இங்கே சட்டசபை இல்லை. இத்தனை தீவுக்கும் சேர்த்து ஒரே ஒரு எம்.பி. ஆனாலும் அந்த ஒருவரைத் தேர்ந்தெடுக்க கச்சலின் கடைசி வீட்டுக்காரருக்கும் ஓட்டு உண்டு. ஆள் குறைவான தீவுக்குக்கூட அதிகாரிகள் படகில் போய்ச் சாவடி போடுகிறார்கள். இதில் எனக்குப் பெருமைதான். அவ்வளவு வசதியான நாடு தன் தீவுக்காரர்களை இப்படி வைத்திருக்கலாமா என்று கேட்கிற உரிமை ஒரு தீவுக்காரனுக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

நாடு முழுக்க அதிக ஓட்டு வாங்கியவர் தோற்கவும் முடியும் என்பது அவர்கள் முறையில் இன்னொரு விசித்திரம். மாநிலவாரியாகக் கணக்காம். முத்தையா அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “அப்ப அந்த ஊர்ல பாதிப் பேரு ஓட்டு சும்மா ஷோக்குக்கா?” என்றார். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

அடுத்த தடவை

நாலு வருடம் கழித்து அந்தப் பழைய ஜனாதிபதி மறுபடியும் நின்றார்.

கடையில் மறுபடியும் வாதம். இந்த முறை முத்தையா அண்ணன் குடியேறிகளைப் பிடித்துக்கொண்டார். “உன் தங்கச்சி படிச்சு, பேப்பர் எல்லாம் சரியா குடுத்து, வரிசைல நின்னு போச்சு. மத்தவன் வேலி தாண்டிக் குதிக்கிறான். அவனுக்கு அங்க புள்ள பொறந்தா அந்தப் புள்ளயும் அந்த நாட்டுக்காரனாம். என்ன நியாயம்?”

வரிசையில் நிற்க வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிறந்த குழந்தை எந்த வரிசையில் போய் நிற்கும்?

“எங்கப்பாவும் அப்படிப் பொறந்த புள்ளதாண்ணே” என்றேன். “பொறந்த இடம் போதாதுன்னு சொல்லிட்டாங்க. அவரு என்ன பண்ணியிருக்கணும்?”

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கவில்லை. முத்தையா அண்ணன், “அந்தக் காலத்துல யாருகிட்டதான் போய்க் கேட்டிருப்பாரு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வசந்தா இந்தத் தடவை ஓட்டுப் போட்டதோடு நிற்கவில்லை. லீவு போட்டுவிட்டு, தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் வேலை செய்யப் பெயர் கொடுத்திருந்தாள். அங்கே அந்தந்தத் தெருக்காரர்களே அந்த வேலையைச் செய்கிறார்களாம். அவள் தெருவின் சாவடி ஒரு தீயணைப்பு நிலையத்தில். பெயரைச் சரிபார்த்துச் சீட்டைக் கொடுக்க வேண்டியது அவள் பொறுப்பு. அந்தக் கூச்சக்காரிக்கு!

அவள் தெருவில் ஒரு கிழவர். வீட்டு வாசலில் எதிர்க்கட்சிக் கொடி. இத்தனை வருடத்தில் அவளுக்கு ஒரு குட் மார்னிங்கூடச் சொன்னதில்லை. அன்று தன் கட்சித் தொப்பியோடு வந்து வரிசையில் நின்றார். கால் நடுங்கியது. வசந்தா எழுந்து போய் அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள். தன் முறை வந்தபோது அவர் கேட்டாராம், நீ எந்த ஊர் என்று.

“என்ன சொன்ன?”

“தீவுன்னு சொன்னேன். எந்தத் தீவுன்னு அவரு கேக்கல. தேங்க்ஸ்னு சொல்லிட்டுப் போனாரு. அவரு யாருக்குப் போட்டிருப்பாருன்னு எனக்குத் தெரியும்ணே. தெரிஞ்சுதான் நாற்காலி போட்டேன்.”

அவள் பக்கம் தோற்றது. அவள் சாவடியிலும் தோற்றது. நாட்டிலும் தோற்றது. அவள் வீடியோவில் வந்தபோது இங்கே மதியம். முகம் வீங்கியிருந்தது. என் வார்டில் இருக்கிறவர்கள் கதி என்ன, குடியேற்றப் பேப்பர் இல்லாத ஆஸ்பத்திரிச் சமையல்கார அம்மா கதி என்ன, பெண்களின் உடம்பைப் பற்றி இனி யார் முடிவு செய்வார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். அந்தப் பயங்கள் எனக்கும் உண்டு. அந்த முடிவு தவறு என்பதே என் எண்ணம். இன்றைக்கும் அதுதான்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“சாவடி மூடுனதும் மெஷின்லேர்ந்து நீளமா ஒரு சீட்டு வந்துச்சுண்ணே. யாருக்கு எத்தனைன்னு. சரியா இருக்குன்னு நாங்க எல்லாரும் அதுல கையெழுத்துப் போடணும். நாங்க தோத்த சீட்டு. போட்டேன்.”

“தயங்குனியா?”

“இல்ல. அப்பா ஞாபகம் வந்துச்சு. எண்ணிப் பாத்துத்தானே சொல்றாங்க.”

எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் கிடந்த ஒரு மனிதரின் மகள், இன்னொரு நாட்டின் ஜனாதிபதி தேர்தலில், தன் பக்கம் தோற்றது சரிதான் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். என் கண்ணுக்கு அது ஜெயித்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

ஜிலேபி

அன்று சாயங்காலம் முத்தையா அண்ணன் தாமதமாகத்தான் வந்தார். கையில் எதுவும் இல்லை. ஸ்டூலில் உட்காரவில்லை. வாசலிலேயே நின்று தொண்டையைச் செருமினார்.

“வசந்தா பேசிச்சா?”

“பேசினா.”

“அழுதுச்சா?”

“அழுதா.”

“ம்.” குடையின் நுனியால் தரையில் கோடு போட்டார். “நீயும் இப்ப திருட்டு ஓட்டுன்னு சொல்லுவியா?”

நான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். பஜார் வரைக்கும் போய்த் திரும்பி வந்தபோது அவர் அதே இடத்தில் நின்றிருந்தார், என் கடைக்குக் காவல் மாதிரி. பெட்டியை மேசைமேல் வைத்துத் திறந்தேன். பாகு வாசனை வந்தது.

“எடுங்கண்ணே. உங்க ஆளு ஜெயிச்சாச்சு.”

அவர் ஜிலேபியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “தோத்தவன் இனிப்புக் குடுக்கறதை இப்பத்தான்டா பாக்கறேன்.”

“கப்பல் வந்துருச்சுண்ணே. என் தங்கச்சியே கையெழுத்துப் போட்டு இறக்கியிருக்கா.”

இதை நான் முணுமுணுக்கவில்லை. எதிர்க்கடையில் பிஸ்வாஸ்தா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். நான் ஒரு ஜிலேபியை எடுத்துக் கடித்தேன்.